மஞ்சள்: நிறமோ, கிழங்கோ?

'மஞ்சள் பூசினாள்' என்பதைப் பண்பாகுபெயர்க்கு எடுத்துக்காட்டுவர். அஃதாவது, நிறத்தின் பெயர் கிழங்குக்கு ஆயிற்று என்பர். சாயமிடும் வழக்கின் வரலாற்றை நோக்குங்கால் இம்முடிபு மீள ஆராயற்பாலது எனக் கருதுகின்றோம்.

1856-இல் பெர்க்கின் என்பார் செயற்கைச் சாயம் காணும் முன்னர், நூலுக்கு நிறமூட்டியவை பெரும்பாலும் வேர், பட்டை, கிழங்கு முதலிய இயற்கைப் பொருள்களே. அவற்றுட் பல, படிகாரம் சேர்த்தாலன்றி நூலில் நன்கு பற்றா. மஞ்சளோ, வெயிலில் விரைந்து வெளிறுமாயினும், அடுக்களைப் பானையில் நீரோடு கொதித்த அளவிலேயே கம்பளி நூலிலும் பருத்தி நூலிலும் நேரே பற்றும். இல்லத்தில் எளிதிற் கிட்டும் நிறம் அதுவே.

மேலும், செம்மை, கருமை, வெண்மை, பசுமை என்பன மையீற்றுப் பண்புப்பெயர்கள். மஞ்சள் அவ்வாறு அமைந்திலது. ஆதலின், கிழங்கின் பெயரே நிறத்துக்கு ஆகிவந்தது எனக் கொள்ளுதல் பொருந்தும்.