சாம்பன்மேடுகளும் கற்கால ஆயர் குடியிருப்பும்

கருநாடகத்துப் பெல்லாரி முதலாக இராய்ச்சூர் வழியே தெலுங்கானத்து மகபூப்நகர் வரையில், துங்கபத்திரை, கிருஷ்ணை என்னும் ஆறுகளைச் சார்ந்த வறண்ட நிலத்தே, கருங்கற் குன்றுகளின் அடிவாரங்களிற் சாம்பலாலாய மேடுகள் பல உள. இதுகாறும் அறியப்பட்டன நூற்றின் மேற்படும். சில தரையோடு தாழ்ந்தன; சில பல ஆளுயரம் ஓங்கிச் சிறு குன்றெனத் தோன்றுவன. ஹம்பியை அடுத்த நிம்பாபுரத்து மேட்டை, வாலியைத் தகனஞ் செய்த சாம்பல் என்று அந்நாட்டார் கூறுப. பிறிதோரிடத்து மேட்டை, வீமனாற் கொல்லப்பட்ட இடும்பன் எரிந்த சாம்பல் என்ப.

பூதி என்பது சாம்பற்கும் திருநீற்றிற்கும் நம் நூல்களில் வழங்கும் பெயராதல் அன்பர் அறிவர். கன்னடத்தும் அச்சொல் சாம்பலைக் குறிக்கும். இம்மேடுகளையுடைய ஊர்கள் சில பூதிகுண்டை, பூதிஹாள் எனப் பெயர் பெற்றமை அதுபற்றியே. இப்பெயரைக் கேட்ட அளவானே, ‘இவை பண்டைச் சைவர் நீறு விளைத்த இடங்களாம்’ எனத் துணிந்துரைக்க நம்மவர்க்கு விருப்பம் எழுதல் இயல்பு. அத்துணிபு பொருந்துமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நியூபோல்ட் என்னும் படைத்தலைவர் இம்மேடுகளைப் பற்றி எழுதினார். அதன்பின் ஆராய்ச்சியாளர் பலரும் பலவாறு கூறலாயினர். எரிமலை கக்கிய பொருள் என்றார் சிலர்; உலோகம் உருக்கிய உலையின் கழிவு என்றார் சிலர்; போரில் மடிந்தாரைச் சுட்ட இடம், பெருவேள்வியிற் பலியிட்ட இடம் என்றாரும் உளர். சாம்பலோடு சாம்பலாகக் கண்ணாடிபோல் உருகி இறுகிய கட்டிகள் காணப்பட்டமையே இம்மயக்கத்திற்குக் காரணம். சாணத்தை எருவாக்கியும் வரட்டி தட்டியும் வாழும் நாட்டில், சாணத்தின் நினைவு எவர்க்கும் நெடுநாள் வாராதொழிந்தது வியப்பே.

1863-இற் பல்லாவரத்திற் பழங் கற்கருவியைக் கண்டெடுத்துத் தமிழ்நாட்டார்க்கு அறிமுகமான இராபர்ட் புரூஸ் பூட் என்பவரே இதனை நேர்வழியிற் கண்டவர். மேடுகளிற் கற்கோடரிகளும் ஓடுகளும் மாட்டென்புகளும் கிடைத்தலை நோக்கி, ஆப்பிரிக்க நாட்டார் முள்வேலியிட்டு ஆனிரை அடைக்கும் பட்டிகளோடு ஒப்பிட்டு, இவையும் கற்காலத்தார் பட்டிகளிற் குவிந்த சாணம் எரிந்தமையால் ஆயின என்றார். அக்கூற்றை உடனே ஏற்றார் சிலரே. பின்னர் ஸாய்னர் என்னும் அறிஞர் அக்கட்டிகளை ஆய்வுசாலையிற் சோதித்து, மாடு தின்ற புல்லிலுள்ள மணற்சத்தே பெருந்தீயில் உருகி அங்ஙனம் ஆயிற்றென நிறுவினார்.

ஐயத்தை அறவே களைந்தது, 1957-இல் ஆல்சின் என்பார் அக்காலத்து மகபூப்நகர் மாவட்டத்து உட்னூரில் நிகழ்த்திய அகழ்வாம். ஆண்டு, பனை போலும் மரங்களின் அடிகளை நெருங்க நட்ட வேலிகள் நின்ற குழிகள் வெளிப்பட்டன. உள்வேலிக்குள் மாடுகள் அடைக்கப்பட்டன. இருவேலிகட்கும் இடையே மக்கள் குடியிருந்தனர். பட்டி எரிந்ததும் அதன்மேற் புதுவேலி நட்டனர், அதுவும் எரிந்தது. இங்ஙனம் பலகால் நிகழ்ந்தது. சாம்பற்படையிடையே மாடுகளின் குளம்படிகள் பதிந்தபடியே இருந்தன. இக்குடியிருப்பின் தொடக்கம் கி. மு. 2000-க்கும் முற்பட்டது. நாலாயிரம் ஆண்டின்முன் ஒரு பசு ஊன்றிய அடி, அரசரும் அரண்களும் அழிந்த நிலத்தில் அழியாது நின்றது. ஆல்சின் தம் ஆராய்ச்சியை 1963-இல் நூலாக வெளியிட்டார்.

இனி, இவர் மாடு மேய்த்தல் ஒன்றே அறிந்தவர் அல்லர். சங்கனகல்லு முதலிய இடங்களில் அகழ்ந்த மண்ணை நீரிற் கரைத்து, மிதந்த கரிந்த வித்துக்களைத் திரட்டி ஆராய்ந்தபோது, கொள்ளும் பாசிப்பயறும் சிறுகூலங்கள் இரண்டும் அவர்தம் விளைபொருள்களாதல் தெரிந்தது. இவை இந்நாட்டு மழையை நம்பி விளைவன. கோதுமையும் வாற்கோதுமையும் வடக்கினின்று வந்தன; சிலவிடத்துச் சிறிதே கிடைத்தன. தமிழ்நாட்டுத் திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியிலும் புதிய கற்காலத்தாருடைய கொள்ளும் பயறும் கிடைத்துள்ளன. ஆதலின் இவ்வுணவு தமிழர்க்கும் அயலன்று.

பூதிஹாளிற் பத்தையா என்னும் பேராசிரியர் சென்ற நூற்றாண்டின் இறுதியிற் பல ஆண்டுகள் அகழ்ந்து, பட்டியையும் அதன் பக்கத்துச் சாணக் குவியலையும் வீடுகளையும் குழவியரைப் புதைத்த இடங்களையும் கண்டார். ஆண்டே விலங்குகளை அறுத்துக் கூறுபடுத்திய தளம் ஒன்றும், வெட்டுண்ட என்புகளும் வெளிப்பட்டன. இம்மக்கள் தாம் காத்த ஆனையே உண்டனர். இது சைவ அன்பர் நெஞ்சிற்கு ஏலாததே. ஆயினும் மேட்டின் சாம்பலை மட்டும் எடுத்துப் பேசி, அத்தளத்தை மறைத்தல் சரித்திரமாகாது.

அற்றேல், அச்சாம்பல் நீறேயாமோ எனின், ஆகாது. சாணம் எரிந்ததெல்லாம் நீறன்று. நோயற்ற பசுவின் சாணத்தை நிலத்தில் விழாமுன் ஏந்தி, மந்திரத்தாற் பதப்படுத்திச் சிவாக்கினியில் விளைப்பதே கற்பம் என ஆகமவழி நூல்கள் கூறும். விதி வழுவியது அகற்பமெனத் தள்ளப்படும். உட்னூர்ச் சாணமோ நிலத்தில் விழுந்து, குளம்பால் மிதியுண்டு, படைபடையாகக் கிடந்தது. அக்குளம்படிகளே இதற்குச் சான்று. ஊர்ப்பெயரும் உதவாது, மேடு தோன்றிப் பல நூற்றாண்டு கழித்துப் பிறர் இட்ட பெயர் அது.

ஆயினும் அத்தீ எதன்பொருட்டு மூட்டப்பட்டதென்பது முடிந்த வழக்கன்று. ஆல்சின் அதனைப் பருவந்தோறும் எடுத்த விழாத்தீ எனக் கருதி, இக்காலத்து ஆனிரை விழாக்களோடும் தீவிழாக்களோடும் ஒப்பிட்டார். நோயும் பூச்சியும் ஒழியப் பட்டியைச் சுட்டனர் என்பாரும் உளர். மீட்டும் மீட்டும் ஒரே இடத்திற் குவித்து எரித்தமையை நோக்குழி, வெறும் துப்புரவு என்று அமைதல் அரிது. ஆனிரையே செல்வமாயிருந்தார்க்கு அத்தீ ஒரு வழிபாடாகவும் இருந்திருத்தல் கூடும். அங்ஙனமாயினும் அவர் எத்தெய்வத்தை எப்பெயராற் கூவினர் என்பதற்கு எழுத்தொன்றும் அவர் விட்டுச் சென்றிலர்.

மேடுகள் பலவற்றின் சாம்பலை உழவர் எருவின்பொருட்டும், பிறர் சாலையின்பொருட்டும் வெட்டிக் கொண்டுபோயினர். சில இடங்களில் அடிப்படை மட்டுமே எஞ்சியுளது. வண்டியேறிப் போன சாம்பலிலும் குளம்படிகள் இருந்திருக்கும்.