கத்தரிக்கோல் யார் கையில்? – கொங்கு நாட்டுத் தையலின் கதை

தமிழில் 'தையல்' என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று ஊசியும் நூலும் கொண்டு துணியை இணைக்கும் வேலை. இன்னொன்று பெண். வைத்தீஸ்வரன் கோவில் அம்மனின் பெயர் தையல்நாயகி. இரண்டு அர்த்தமும் ஒரே சொல்லில் இருப்பதாலோ என்னவோ, தையல் என்றாலே "பொம்பளைங்க வேலை, பொழுது போகாட்டி செய்யறது" என்று பலரும் நினைத்துக் கொள்கிறார்கள்.

ஆனால் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் வந்து பார்த்தால் தையல் பொழுதுபோக்கு இல்லை, லட்சக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு. அதே சமயம் அது ஒரு கலையும் கூட. ஒரே வேலை சிலருக்கு வெறும் பிழைப்பாகவும், சிலருக்கு மனசுக்குப் பிடித்த படைப்பாகவும் எப்படி ஆனது? இதற்கான பதில் ஊசியில் இல்லை. கத்தரிக்கோலில் இருக்கிறது!

தைக்காத துணியின் காலம்

தமிழர்களுக்குத் தையல் புதிதல்ல. சிலப்பதிகாரத்தில் புகார் நகரத்துத் தொழிலாளர்களைச் சொல்லும்போது துணி தைக்கும் 'துன்னகாரர்' பற்றியும் வருகிறது. துன்னம் என்றால் தையல். ஆனாலும் அன்றாட உடை என்று பார்த்தால் வேட்டி, துண்டு, சேலை... எதற்கும் ஊசி தேவையில்லை. ரவிக்கை போடாமல் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டும் பாட்டிமார்களைக் கொங்கு கிராமங்களில் 20ஆம் நூற்றாண்டின் கடைசி வரைக்கும் பார்க்க முடிந்தது.

அதனால் இந்த மண்ணின் கைத்திறமை ஊசியை விடத் தறியில்தான் அதிகம் வெளிப்பட்டது. பவானி ஜமக்காளம், சென்னிமலைப் போர்வை, நெகமம் சேலை, கோவை கோரா காட்டன் என்று பட்டியல் நீளும். அகலமான ஜமக்காளத்தை ஒரு ஆள் நெய்ய முடியாது. இரண்டு பேர் ஒரே தறியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, இவர் வீசும் நாடாவை அவர் வாங்கி நெய்வார்கள். பவானி ஜமக்காளம், கோரா காட்டன், நெகமம் சேலை மூன்றுமே இப்போது புவிசார் குறியீடு பெற்றவை. நெகமத்துக்குக் கிடைத்தது 2023இல்.

1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் கோவையில் ஸ்பின்னிங் அண்ட் வீவிங் மில்லைத் தொடங்கினார். 1930களில் பைக்காரா மின்சாரம் வந்தபிறகு மில்கள் வரிசையாக முளைத்தன. நூலும் துணியும் பெருகின. கூடவே சட்டை, ரவிக்கை, பாவாடை என்று தைத்த உடைகளும் பரவின. இப்போது ஊசிக்கு வேலை வந்துவிட்டது.

மெஷின் வந்த கதை

தையல் மெஷினின் வரலாறே ஒரு சண்டையில் ஆரம்பிக்கிறது. பிரான்ஸில் பார்த்தலமி திமோனியே என்ற தையல்காரர் 1830இல் ஒரு மெஷினுக்குக் காப்புரிமை வாங்கி, ராணுவ உடை தைக்க ஆரம்பித்தார். அடுத்த ஆண்டே பாரிஸ் தையல்காரர்கள் கூட்டமாக வந்து மெஷின்களை உடைத்து விட்டார்கள். பிழைப்பு போய்விடுமே என்ற பயம். பிறகு அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றார்கள்.

சிங்கர் கம்பெனி ஜெயித்ததற்கு மெஷின் மட்டும் காரணமில்லை. 1856இல் அதன் பங்குதாரர் எட்வர்ட் கிளார்க் தவணை முறையைக் கொண்டு வந்தார். முழுப் பணம் இல்லாத குடும்பமும் கொஞ்சம் கட்டி மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போகலாம், மீதியை மாதாமாதம் கட்டலாம். இன்றைக்கு டிவி, பைக், செல்போன் எல்லாவற்றுக்கும் இருக்கும் இஎம்ஐக்கு இந்தத் தையல் மெஷின் ஒரு முன்னோடி!

19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே சிங்கர் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. 1935இல் கல்கத்தாவில் 'உஷா' என்ற பெயரில் இந்தியாவிலேயே தயாரான மெஷின் வெளிவந்தது. ஊர்க் கடைத்தெருவில், திண்ணையில், ஜவுளிக்கடை வாசலில் கால் மெஷினோடு டெய்லர்கள் உட்கார்ந்தார்கள்.

காந்தி கொடுத்த விதிவிலக்கு

இதே காலத்தில் கொங்கு நாடு இன்னொரு பக்கம் கதர் இயக்கத்தில் மூழ்கியிருந்தது. ஈரோட்டில் பெரியார் காங்கிரஸில் இருந்தபோது கதர் மூட்டையைத் தோளில் சுமந்து விற்றவர். 1925இல் அகில பாரத சர்க்கா சங்கம் தொடங்கப்பட்ட பிறகு, தமிழ்நாட்டுக் கதர் வேலைகளுக்குத் திருப்பூர்தான் மையம். சென்னிமலை நெசவுக் குடும்பத்தில் பிறந்த குமரன், அதே திருப்பூரில்தான் 1932 ஜனவரியில் கொடியோடு ஊர்வலம் போய் போலீஸ் அடியில் உயிர்விட்டார்.

மெஷின்களை எதிர்த்தவர் காந்தி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் 1924இல் ஜி. ராமச்சந்திரனோடு (பின்னாளில் காந்திகிராமம் அமைத்தவர்) நடந்த உரையாடலில் காந்தி ஒரு மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். அது சிங்கர் தையல் மெஷின். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்க்கப் பொறுக்காமல் சிங்கர் அன்பால் கண்டுபிடித்த கருவி அது என்பது காந்தியின் விளக்கம். சிங்கரின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அந்த மனிதருக்கு லாபம்தான் குறி!

ஆனாலும் காந்தி சொன்னதன் உள்ளே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. மெஷின் மனிதனின் கைக்கு உதவ வேண்டும், கையை முடக்கிவிடக் கூடாது என்பது அது. கொங்கு நாட்டில் தையல் மெஷின் இந்த இரண்டையுமே செய்தது என்பதுதான் வேடிக்கை.

வீட்டுக்குள் ஒரு மெஷின்

முதலில் உதவிய கதை. வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தால் அம்மாவின் பழைய பட்டுச் சேலை மகளுக்குப் பாவாடை சட்டையாகும். மிச்சத் துணி தலையணை உறையாகும். அதிலும் மிச்சம் இருந்தால் கால்மிதியாகும். எதுவும் வீணாகாது. மெஷின் இல்லாத வீட்டிலும் கைகள் சும்மா இருக்கவில்லை. பிளாஸ்டிக் வயரில் கூடை, குரோஷாவில் டிவிக்கு உறை, பாசிமணியில் கதவுத் தோரணம்...

கோவையில் இதைப் படிப்பாகவே கொண்டு வந்தவர்கள் டி.எஸ். அவினாசிலிங்கமும் ராஜம்மாள் தேவதாஸும். 1957இல் தொடங்கிய அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரியில் சமையலும் சத்துணவும் குழந்தை வளர்ப்பும் போல, துணியும் உடையும் ஒரு பாடம். 1988இல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. "சமையலும் தையலும் படிக்கக் காலேஜா?" என்று கேட்பவர்கள் உண்டு. ஆனால் துணியின் இழை, சாயம், அளவு, வெட்டும் முறை எல்லாம் கற்றுக்கொண்ட பெண், கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டிய அவசியமில்லாதவள் ஆகிறாள்.

இங்கேதான் கத்தரிக்கோல் வருகிறது. தையல் என்பது உண்மையில் இரண்டு வேலை. ஒன்று வெட்டுவது, இன்னொன்று தைப்பது. அளவெடுத்து, பிரவுன் பேப்பரில் வரைந்து, துணியில் கத்தரி வைக்கும் நொடியில்தான் உடையின் உருவம் முடிவாகிறது. தைப்பதில் தப்பு வந்தால் பிரித்துத் தைக்கலாம். வெட்டியதை ஒட்ட முடியாது. அந்த முடிவை எடுப்பவர்தான் படைப்பாளி.

வீட்டில் ரவிக்கை தைக்கும் பெண் இரண்டையும் தானே செய்கிறாள். கழுத்து எவ்வளவு இறக்கம், கை எவ்வளவு நீளம், பார்டரை எங்கே வைப்பது என்று அவளே தீர்மானிக்கிறாள். ஆனால் பெரிய டெய்லர் கடைகளில் பாருங்கள். கட்டிங் மாஸ்டர் வெட்டுவார், மற்றவர்கள் தைப்பார்கள். காஜா எடுப்பது, பட்டன் வைப்பது, ஹெம்மிங் செய்வது பெரும்பாலும் வீட்டிலிருக்கும் பெண்களுக்குப் போகும். கூலியும் அதே வரிசையில் குறைந்துகொண்டே போகும்.

திருப்பூரின் பவர் டேபிள்

ஆடம் ஸ்மித் 1776இல் எழுதிய புத்தகத்தில் ஒரு குண்டூசித் தொழிற்சாலை உதாரணம் வரும். காமர்ஸ் மாணவர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். குண்டூசி செய்வதை ஏறக்குறைய 18 வேலைகளாகப் பிரித்தால் உற்பத்தி பல மடங்கு ஆகும் என்பார். அந்தக் குண்டூசியின் இடத்தில் பனியனை வைத்தால் அதுதான் திருப்பூர்.

1920களில் சில பின்னல் மெஷின்களோடு தொடங்கிய தொழில் இது. 1978 வாக்கில் இத்தாலி வியாபாரி வந்து டி-சர்ட் வாங்கியது ஏற்றுமதிக்கு ஆரம்பம் என்பார்கள். இப்போது ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி. ஒரு டி-சர்ட்டில் தோள்பட்டை இணைப்பவர் ஒருவர், காலர் வைப்பவர் ஒருவர், கை ஏற்றுபவர் ஒருவர், அடி மடித்து அடிப்பவர் ஒருவர். ஓவர்லாக் வேறு, பிளாட்லாக் வேறு, பவர் டேபிள் வேறு. டிசைன் வெளிநாட்டிலிருந்து வரும். கட்டிங் தனி இடத்தில் நடக்கும். பவர் டேபிளில் உட்காருபவருக்கு வருவது வெட்டிய துண்டுகள் மட்டுமே.

இதைக் குறையாக மட்டும் சொல்லிவிட முடியாது. வானம் பார்த்த பூமியிலிருந்து வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு முதன்முதலாக வாரச் சம்பளம் என்று ஒன்றைக் கையில் கொடுத்தது பனியன் கம்பெனிதான். பல பெண்களுக்கு அவர்களுடைய பெயரில் கிடைத்த முதல் வருமானமும் அதுவே. அந்தச் சம்பளமும் சும்மா கிடைக்கவில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் 127 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள்.

ஆனால் விலை ஒன்று கொடுக்கத்தான் வேண்டியிருந்தது. ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான டி-சர்ட்டுக்குக் கை ஏற்றும் ஒருவருக்குத் தன் குழந்தைக்கு ஒரு முழுச் சட்டையை வெட்டித் தைக்கத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. தொழில் அதை அவரிடம் கேட்கவே இல்லை. காந்தி பயந்தது இதற்குத்தான். மெஷின் அதேதான், கத்தரிக்கோல் மட்டும் கைமாறிவிட்டது.

மலையில் ஒரு கணக்கு

திருப்பூரில் பிரிந்துபோனது எது என்று புரிய, பக்கத்து மலைக்குப் போக வேண்டும். நீலகிரி 1868 வரை கோவை மாவட்டத்தோடு இருந்த பகுதிதான். அங்கே தோடர் பெண்கள் போடும் பூவேலையைப் பார்த்தால் அச்சடித்தது போலவோ தறியில் நெய்தது போலவோ இருக்கும். ஆனால் முழுவதும் ஊசி வேலை. வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்பு நூல். துணியின் மேல் பென்சில் கோடு கிடையாது, சட்டம் கிடையாது, மாதிரி வரைபடம் கிடையாது. இழைகளை விரலால் எண்ணி எண்ணியே தைக்கிறார்கள். எருமைக் கொம்பு, முயல் காது, மலை, சூரியன் சந்திரன் எல்லாம் அந்த எண்ணிக்கையில்தான் உருவாகின்றன.

இதற்குக் கத்தரிக்கோலே வேண்டாம். ஆனால் அடுத்த தையல் எங்கே என்ற முடிவு முழுக்க அந்தப் பெண்ணின் மனக்கணக்கில் இருக்கிறது. அந்தப் போர்வையைத்தான் அவர்கள் விழாவுக்கும் போர்த்துகிறார்கள், இறந்தவருக்கும் போர்த்துகிறார்கள். மொத்தமே இரண்டாயிரம் பேர் அளவிலுள்ள ஒரு சமூகம் இதைக் காப்பாற்றி வந்திருக்கிறது. 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

கொங்கின் இன்னொரு ஓரத்தில், தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் நடந்தது இன்னும் பெரிய விஷயம். அங்கே லம்பாடிப் பெண்களிடம் எம்பிராய்டரி இரண்டு தலைமுறையாக வழக்கொழிந்து போயிருந்தது. வயதான ஒரு சிலருக்குத்தான் தெரியும். 1993இல் அங்கே பழங்குடி மக்களுக்காக மருத்துவமனை தொடங்கிய டாக்டர்கள் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி தம்பதியரின் முயற்சியில், 2006 வாக்கில் அந்தப் பாட்டிமார்களிடமிருந்து இளம்பெண்கள் மறுபடி கற்க ஆரம்பித்தார்கள். 'பொர்கை' என்ற பெயரில் இப்போது அது அவர்களே நடத்தும் அமைப்பு. லம்பாடி மொழியில் அந்தச் சொல்லுக்குப் 'பெருமை' என்று அர்த்தம். செத்துப்போனதாக நினைத்த கைத்தொழிலை ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தே மீட்டுவிடலாம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கணக்கில் வராத கூலி

தமிழக அரசு சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் ஆதரவற்ற பெண்களுக்கும், கணவரை இழந்தவர்களுக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும் இலவசத் தையல் மெஷின் கொடுக்கிறது. நல்ல திட்டம். கோவை, திருப்பூர் வீதிகளில் "இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்", "ஆரி ஒர்க் செய்து தரப்படும்" என்ற போர்டுகளும் பெருகியிருக்கின்றன. மெஷின் கிடைத்துவிட்டது. ஆனால் வெட்டக் கற்றுக்கொண்டால்தான் அந்த மெஷின் சொந்தத் தொழிலாகும். இல்லாவிட்டால் அது வேறு யாரோ வெட்டியதைத் தைக்கும் இன்னொரு பவர் டேபிள்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. கைவேலைக்கு விலை வைக்கும்போது துணி, நூல், மணி, பட்டன் எல்லாவற்றையும் கூட்டுகிறோம். இரண்டு நாள் உட்கார்ந்து ஆரி ஊசி பிடித்த நேரத்தைக் கூட்டுவதில்லை. "வீட்டுல சும்மாதானே இருக்கீங்க" என்று வாங்குபவரும் சொல்கிறார், செய்தவரும் ஒப்புக்கொள்கிறார். நேரம் ஒரு செலவு என்பது கணக்குப் பதிவியலின் அரிச்சுவடி. பிடித்துச் செய்த வேலை என்பதற்காக அது இலவசம் ஆகிவிடாது.

ஒரு ரவிக்கையோ கூடையோ வாங்கும்போது பேரம் பேசுவதற்கு முன் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். முடிந்தால் ஒரு மீட்டர் காடாத் துணி வாங்கி, தலையணை உறையாவது நீங்களே வெட்டித் தைத்துப் பாருங்கள். முதல் உறை கோணலாகத்தான் வரும், பரவாயில்லை. ஆணோ பெண்ணோ, கத்தரிக்கோலை ஒருமுறை கையில் எடுத்தவருக்குத்தான் தைப்பவரின் மதிப்புத் தெரியும்.