நாய் செத்தால் யாரிடம் போய் அழுவது? – ஒரு சின்ன வரலாறு

மும்பையில் பரேல் பக்கம் போனால் ஆஸ்பத்திரிகளாகத்தான் கண்ணில் படும். கே.இ.எம்., டாட்டா மெமோரியல், வாடியா. அதே பரேலில் மிருகங்களுக்கும் ஒரு பழைய ஆஸ்பத்திரி இருக்கிறது. 1880களில் சர் தின்ஷா மானெக்ஜி பெட்டிட் என்ற பார்சி கொடையாளரின் பணத்தில் எழுந்தது. அவர் மனைவி சாகர்பாய் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1886ல் பம்பாய் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அந்த இடத்தில்தான் தொடங்கியது.

இந்த இரண்டு வகை ஆஸ்பத்திரிக்கும் நடுவே ஒரு வித்தியாசம் உண்டு. மனிதர்கள் போகும் பெரிய ஆஸ்பத்திரியில் 'மெடிக்கல் சோஷியல் ஒர்க்கர்' என்று ஒருவர் இருப்பார். பணம் இல்லாதவருக்கு டிரஸ்ட் விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது, டாக்டர் சொன்னதை வீட்டாருக்குப் புரிய வைப்பது, இறந்தவரின் உறவினரை உட்கார வைத்துப் பேசுவது எல்லாம் அவர் வேலை. நான் போயிருக்கும் எந்தக் கால்நடை மருத்துவமனையிலும் அப்படி ஒருவரைப் பார்த்ததில்லை. ஏன் இல்லை என்று தேடப் போய்த்தான் இந்தப் பதிவு.

கதை 1874ல் நியூயார்க்கில் தொடங்குகிறது. மேரி எல்லன் என்ற சுமார் பத்து வயதுச் சிறுமியை வளர்ப்புத்தாய் அடித்துச் சித்திரவதை செய்துகொண்டிருந்தாள். ஏழைக் குடியிருப்புகளில் சேவை செய்துவந்த எட்டா வீலர் என்ற பெண்மணி உதவி கேட்டு அலைந்தார். யாரும் தலையிடத் தயாராக இல்லை. கடைசியில் அவர் போய் நின்ற இடம், அமெரிக்காவின் முதல் மிருகவதைத் தடுப்புச் சங்கத்தை 1866ல் தொடங்கிய ஹென்றி பெர்க்கின் வாசல். பெர்க் தன் வக்கீல் எல்பிரிட்ஜ் ஜெர்ரி மூலம் வழக்குப் போட்டுக் குழந்தையை மீட்டார். வளர்ப்புத்தாய்க்கு ஓராண்டுச் சிறை.

('குழந்தையும் ஒரு மிருகம்தானே' என்று வாதாடி மிருகவதைச் சட்டத்தில் ஜெயித்தார்கள் என்று பலர் எழுதுவார்கள். அது கட்டுக்கதை. சட்டவிரோதக் காவலில் இருப்பவரை மீட்கும் சட்டப்பிரிவைத்தான் ஜெர்ரி பயன்படுத்தினார்.)

அந்த வழக்கிலிருந்துதான் குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் சங்கம் பிறந்தது. அதாவது மிருகங்களுக்காக நின்றவர்கள் மனிதர்களுக்காகவும் வந்து நின்றார்கள். அதே 1874ல் பம்பாயிலும் மிருகவதைத் தடுப்புச் சங்கம் உருவானது.

நிற்க. ஆஸ்பத்திரிக்குள் சமூகப் பணி நுழைந்தது லண்டனில், 1895ல். அடுத்து பாஸ்டன், 1905. இந்தியாவில் 1936ல் பம்பாய் பைகுல்லாவில் சர் தொராப்ஜி டாட்டா சமூகப்பணிப் பள்ளி தொடங்கியது. இன்றைய 'டிஸ்' அதுதான். 1946ல் ஜே.ஜே. ஆஸ்பத்திரியில் நாட்டின் முதல் மருத்துவ சமூகப் பணியாளர் வேலைக்குச் சேர்ந்தார். பைகுல்லாவுக்கும் பரேலுக்கும் சில கிலோமீட்டர்தான். ஆனாலும் அந்தப் படிப்பு மிருக ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

பதில் மரியாதை அமெரிக்காவிலேயே நூறு வருஷம் கழித்துத்தான் நடந்தது. 1970களின் பிற்பகுதியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில் ஒரு சமூகப் பணியாளரை வைத்தார்கள். 1980களில் நியூயார்க்கின் அனிமல் மெடிக்கல் சென்டரும் வைத்தது. 1989ல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகம், செல்லப் பிராணியை இழந்தவர்கள் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண் கொடுத்தது. 2002ல் டென்னசி பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஸ்ட்ராண்ட் இதைத் தனித் துறையாகவே ஆக்கினார். அவர் வகுத்த வேலைகள் நான்கு. பிராணியை இழந்தவரின் துக்கம். மிருகத்தை அடிக்கும் வீட்டில் மனைவி, குழந்தையும் அடிபடுகிறார்களா என்று கவனிப்பது. பிராணிகளின் துணையோடு செய்யும் சிகிச்சை. நான்காவது, கால்நடை மருத்துவ ஊழியர்களின் மனச்சோர்வும் அவர்களுக்குள் வரும் சச்சரவும்.

இந்த நான்காவதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். 1979 முதல் 2015 வரையிலான கால்நடை மருத்துவர்களின் மரணங்களை அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் ஆராய்ந்தது. 2019ல் வெளியான முடிவு இது: பொதுமக்களோடு ஒப்பிட்டால் தற்கொலையால் இறந்தவர்களின் விகிதம் ஆண் மருத்துவர்களில் 2.1 மடங்கு, பெண் மருத்துவர்களில் 3.5 மடங்கு.

காரணம் ஊகிக்க முடியாததல்ல. எங்கள் பக்கத்து ஃபிளாட் குஜராத்திப் பெரியவரின் பதினான்கு வயது நாய்க்குக் கருணைக்கொலை என்று முடிவானபோது துணைக்குப் போயிருந்தேன். ஊசி போடும்போது நாயைப் பிடித்துக்கொண்டதும், பெரியவரிடம் கையெழுத்து வாங்கியதும், பில் போட்டதும் ஒரே பையன்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டான். வெளியே இன்னும் ஒன்பது பேர். பெரியவர் ஒரு வாரம் வாக்கிங் வரவில்லை. 'நாய்க்குப் போய் இவ்வளவா' என்று லிஃப்டில் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஊரில் கறவை மாடு செத்தால் தெருவே வந்து விசாரித்துவிட்டுப் போகும். ஃபிளாட்டில் தனியாக ஒரு நாயோடு வாழ்ந்தவருக்கு அந்தத் தெரு இல்லை.

அந்தப் பையனோடும் பெரியவரோடும் பத்து நிமிஷம் உட்கார ஒரு ஆள். கேட்பது அவ்வளவுதான். இதற்குப் புதிதாகச் சட்டம் எதுவும் வேண்டாம். எம்.எஸ்.டபிள்யூ. மாணவர்கள் எப்படியும் வாராவாரம் களப்பணிக்குப் போகிறார்கள். சிறைக்குப் போகிறார்கள், குடிசைப் பகுதிக்குப் போகிறார்கள், கேன்சர் வார்டுக்குப் போகிறார்கள். அந்தப் பட்டியலில் கால்நடை மருத்துவமனையையும் சேர்த்தால் போதும், அங்கிருந்து தொடங்கலாம்.

1936ல் சமூகப்பணிப் பள்ளிக்குப் பணம் கொடுத்த டாட்டா அறக்கட்டளைகள்தான், 2024ல் மகாலட்சுமியில் செல்லப் பிராணிகளுக்குப் பெரிய ஆஸ்பத்திரியைத் திறந்திருக்கின்றன. இரண்டையும் இணைக்க இந்த ஊரை விட்டால் வேறு எந்த ஊருக்கு வசதி? உங்களில் யாராவது சமூகப்பணி படிப்பவராகவோ கற்பிப்பவராகவோ இருந்தால், அடுத்த களப்பணிப் பட்டியல் போடும்போது இதை ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்களேன்.