கலத்தின் அடிப்பூச்சும் பாலாற்றின் நீரும்

கடல் வணிகத்தின் வரலாற்றை எழுதுவோர் பாயையும் சுக்கானையும் சரக்கையும் பற்றி விரிவாகப் பேசுவர். நீருக்குள் மறைந்து கிடக்கும் கலத்தின் அடிப்புறத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலர். ஆயினும் ஒரு மரக்கலம் எத்தனை ஆண்டு வாழும், எத்தனை நாளில் கரை சேரும் என்பவற்றைப் பெரிதும் தீர்மானித்தது அதன் அடிப்புறத்தில் பூசப்பட்ட பூச்சுத்தான். எதைப் பூசுவது என்ற கேள்விக்குத் தமிழகத்து மரக்காயர்களும் அறபு நகுதாக்களும் ஐரோப்பியக் கடற்படையினரும் வெவ்வேறு விடைகளைக் கண்டனர். ஒவ்வொரு விடைக்கும் ஒரு விலை இருந்தது. அதை இறுதியில் நீரே செலுத்தியது. கடலிலிருந்து நெடுந்தொலைவில் உள்ள ஆம்பூரும் வாணியம்பாடியும் இராணிப்பேட்டையும் இவ்வரலாற்றோடு தொடர்புடையவை. அத்தொடர்பை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கலத்தின் இரு பகைவர்

கடல்நீரில் நிற்கும் மரத்துக்குப் பகைவர் இருவர். ஒன்று கப்பற்புழு. பெயரால் புழுவாயினும் இது சிப்பி இனத்தைச் சேர்ந்த உயிர். மரத்தினுள் துளையிட்டுப் புகுந்து, வெளித்தோற்றம் குன்றாமலேயே பலகையை உள்ளிருந்து அரித்துவிடும். மற்றொன்று பலகையின் வெளிப்புறத்தில் ஒட்டி வளரும் கொட்டலசு, பாசி முதலியவற்றின் கூட்டம். இது மரத்தை அழிப்பதில்லை. ஆனால் வழவழப்பான அடிப்புறத்தைச் சொரசொரப்பாக்கிக் கலத்தின் வேகத்தைக் குறைக்கிறது. காற்றை மட்டுமே நம்பிச் செல்லும் பாய்க்கலத்துக்கு வேகக் குறைவு என்பது பருவக்காற்றைத் தவறவிடுதல். பருவக்காற்றைத் தவறவிட்ட கலம் அந்நியத் துறைமுகத்தில் மாதக்கணக்கில் காத்துக் கிடக்க நேரிடும். நமது கடல்களின் வெப்பநீரில் இவ்விரு பகைவரும் ஆண்டு முழுவதும் வளர்வதால், இந்துமாக்கடலின் கலம் கட்டுவோருக்கு இச்சிக்கல் வடகடல் மக்களைவிடக் கடுமையாக இருந்தது.

எண்ணெயும் சுண்ணாம்பும்

நூஹ் நபியின் கலத்தைக் குறிக்குமிடத்தில் திருக்குர்ஆன் ஆளும் 'துஸுர்' என்னும் சொல்லுக்கு ஆணிகள் என்று பலரும் பொருள் கூறுவர். பலகைகளைப் பிணைக்கும் நார்க்கயிறு என்ற பொருளையும் அறபு அகராதிகள் தருகின்றன. இவ்விரு பொருளும் கலம் கட்டும் இரு மரபுகளைச் சுட்டுவது போல் அமைந்திருப்பது கருதத்தக்கது. செங்கடலிலும் இந்துமாக்கடலின் மேற்குப் பகுதியிலும் கயிற்றால் தைத்த கலங்களே நெடுங்காலம் வழங்கின. ஆணி அடித்து, கீல் பூசிய கலத்தை முதன்முதலில் கடலில் செலுத்தியவர் ஹஜ்ஜாஜ் இப்னு யூசுஃப் என்று ஒன்பதாம் நூற்றாண்டு அறிஞர் ஜாஹிள் குறித்திருக்கிறார்.

தைத்த கலத்துக்கு எண்ணெயே உயிர். 1183இல் ஐதாப் துறைமுகத்துக்கு வந்த இப்னு ஜுபைர், அங்குள்ள கலங்கள் தென்னை நாரால் தைக்கப்பட்டிருப்பதையும், அவற்றின்மேல் நெய்யோ ஆமணக்கெண்ணெயோ சுறா எண்ணெயோ பூசப்படுவதையும் விவரித்து, மூன்றிலும் சுறா எண்ணெயே சிறந்தது என்று தரம் பிரிக்கிறார். பவளப் பாறைகள் நிறைந்த அக்கடலில் மரம் மென்மையும் நெகிழ்வும் பெறவேண்டும் என்பதே அப்பூச்சின் நோக்கம் என்றும் அவர் காரணம் காட்டுகிறார். அடிப்பூச்சுகளை ஒப்பிட்டுத் தேர்ந்த மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றெனலாம். அவருக்கு முன்பே, பத்தாம் நூற்றாண்டில், ஸீராஃபைச் சேர்ந்த அபூ ஸைத் திமிங்கிலத்தின் எண்ணெய் கலங்களின் பொருத்துவாய்களை அடைக்கப் பயன்பட்டதை எழுதியுள்ளார். பதினான்காம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நமது கடற்கரைக்கு வந்து சென்ற இப்னு பதூதாவும், தைத்த கலம் பாறையில் மோதினால் நெகிழ்ந்து கொடுக்கும், ஆணி அடித்த கலம் உடைந்துவிடும் என்று தைத்த கலத்தின் சிறப்பைக் கூறுகிறார்.

சீனக் கலங்களில் வேறொரு முறை இருந்தது. சுண்ணாம்பையும் நறுக்கிய சணல் நாரையும் மரத்திலிருந்து பெறும் எண்ணெயோடு சேர்த்து இடித்துப் பூசுவதை மார்க்கோ போலோ வருணிக்கிறார். எண்ணெயும் சுண்ணாம்பும் சேர்ந்த இத்தகைய கலவை நமது கடற்கரைகளிலும் வழங்கியது. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை எனத் தமிழ் முஸ்லிம்கள் கடலோடிய துறைகள் பல. இக்கடற்கரைகளில் கலம் கட்டுவோருக்குச் சுறா எண்ணெய், மத்தி எண்ணெய், புன்னை எண்ணெய், குங்கிலியம், கிளிஞ்சற் சுண்ணாம்பு ஆகிய யாவும் கைக்கெட்டிய பொருள்கள். பலகைகளுக்கிடையே நாரைத் திணித்துப் பொருத்துவாயை அடைக்கும் வேலைக்குத் தமிழில் கலப்பற்று என்று பெயர். அறபியில் இவ்வேலையைக் குறிக்கும் 'கல்ஃபத'வும் போர்ச்சுக்கீசிய மொழியின் 'கலஃபாத்தே'யும் இதனோடு ஓசையில் ஒத்திருப்பதைக் காண்க. 'முஅல்லிம்' என்ற அறபுச் சொல் தமிழில் மாலுமியானது போல, தொழிலோடு சொல்லும் கடல்வழியே பயணம் செய்திருக்கிறது.

இப்பழைய பூச்சுகளுக்கு ஒரு குறை உண்டு. அவை நெடுநாள் நில்லா. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் கலத்தைக் கரையேற்றிச் சாய்த்து, ஒட்டியவற்றைச் சுரண்டி, மீண்டும் பூசவேண்டும். ஆண்டுதோறும் இவ்வுழைப்பைச் செலுத்தியதனால்தான் கலம் வாழ்ந்தது. பூச்சு கடலில் கரைந்தாலும், அது கடலுக்குப் பழகிய எண்ணெயும் சுண்ணாம்புமாகவே இருந்தது.

செம்பின் காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கடற்படை இவ்வுழைப்பைக் குறைக்க வழி தேடியது. 1761இல் 'அலார்ம்' என்னும் போர்க்கப்பலின் அடிப்புறம் முழுவதையும் செப்புத் தகட்டால் போர்த்தினர். புழு புகவில்லை, கொட்டலசும் ஒட்டவில்லை. ஆனால் சில ஆண்டுகளில் ஆராய்ந்தபோது, செம்பைத் தொட்டிருந்த இரும்பு ஆணிகள் அரிக்கப்பட்டிருந்தன. இரு உலோகங்கள் உப்புநீரில் தொட்டிருக்கும்போது மின்வேதியல் வினையால் ஒன்று மற்றொன்றை அரிக்கச் செய்யும் என்பது அன்று விளங்காத செய்தி.

1824இல் ஹம்ஃப்ரி டேவி செப்புத் தகடும் மெல்லக் கரைவதைத் தடுக்க, அதனோடு துத்தநாகம், இரும்பு போன்றவற்றின் சிறு துண்டுகளைப் பொருத்தினார். செம்பு கரைவது நின்றது. ஆனால் கொட்டலசு மீண்டும் ஒட்டத் தொடங்கியது. இம்முடிவு தோல்வியாயினும் ஓர் அடிப்படை உண்மையைக் காட்டியது. செம்பு காத்தது அதன் வலிமையால் அன்று. அது சிறிது சிறிதாகக் கரைந்து தன்னைச் சுற்றியுள்ள நீரை நஞ்சாக்கியதால்தான். அதற்குப்பின் வந்த நச்சுப் பூச்சுகள் அனைத்தும் இவ்வுண்மையின் மேல்தான் நிற்கின்றன.

இரும்புக் கப்பலும் தோல் மூட்டையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரும்புக் கப்பல்கள் பெருகின. இரும்பின்மேல் செப்புத் தகடு போர்த்த இயலாது. அரிப்பு கப்பலையே தின்றுவிடும். ஆகவே செம்பு, பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றின் சேர்மங்களைக் கலந்த வண்ணப்பூச்சுகள் தோன்றின. 1860இல் செம்புச் சேர்மம் கலந்து சூடாகப் பூசும் பூச்சு ஒன்று வந்தது. 1881இல் ஹோல்ட்சாப்ஃபெல் உடன்பிறந்தார் நியூகாசிலில் தொடங்கிய நிறுவனம் பின்னாளில் உலகின் பெரும் கப்பற்பூச்சு நிறுவனங்களுள் ஒன்றாயிற்று.

1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின் நீராவிக் கப்பல்கள் கடல்வழியை ஆண்டன. மரக்காயர்களின் பாய்க்கல வணிகம் சுருங்கியது. ஏறக்குறைய அதே காலத்தில் உள்நாட்டில் மற்றொரு முஸ்லிம் வணிகம் எழுந்தது. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தமிழும் உருதும் பேசிய முஸ்லிம் வணிகர்கள் பதனிட்ட தோலைச் சென்னைத் துறைமுகம் வழியே இலண்டன் சந்தைக்கு அனுப்பினர். மேல்விஷாரத்தின் சி. அப்துல் ஹக்கீம் போன்றோர் இவ்வணிகத்தில் ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கும் அறத்துக்கும் வழங்கினர். 1903இல் தோன்றிய வாணியம்பாடி முஸ்லிம் கல்விச் சங்கமும் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியும் இப்பகுதியின் கல்வி வரலாற்றில் மறக்கவொண்ணாதவை. இச்சமூகத்தின் எழுச்சியைப் பேசும்போது அதன் மறுபக்கத்தையும் பேசவேண்டிய கடமை நமக்குண்டு.

கலம் கட்டியவரின் பொருள்களும் தோல் பதனிட்டவரின் பொருள்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை. மயிர் நீக்கத் தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைப்பர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதமிடுவர். பின்னர் எண்ணெய் தடவி மென்மையாக்குவர். இம்முறையில் பதமாக வாரக்கணக்கில் காத்திருக்கவேண்டும். இருபதாம் நூற்றாண்டில் பரவிய குரோமியப் பதனிடுமுறையோ அதே வேலையை ஓரிரு நாளில் முடித்தது. கடலிலும் கரையிலும் மனிதன் தேடியது ஒன்றே: காலத்தைச் சுருக்கும் வேதிப்பொருள்.

ஒரே விலை, ஒரே சட்டநெறி

கடலில் அத்தேடல் 1960களில் டிரைபியூட்டைல்டின் என்னும் கரிம வெள்ளீயச் சேர்மத்தில் முடிந்தது. பின்வந்த ஆண்டுகளில் இது பூச்சின் பிசினோடு வேதிமுறையில் பிணைக்கப்பட்டது. கடல்நீர் பட்டதும் மேற்படலம் மெல்ல மெல்லக் கரைந்து புதிய படலம் வெளிப்படும். ஒருமுறை பூசினால் ஐந்தாண்டு வரை கலம் சுத்தமாக இருக்கும். இதற்குச் சமமான பூச்சு அதற்குமுன் இருந்ததில்லை. ஆனால் 1970களின் இறுதியில் பிரான்சின் அர்க்கசோன் விரிகுடாவில் சிப்பி வளர்ப்போர் பேரிழப்பைக் கண்டனர். சிப்பிக் குஞ்சுகள் பிழைக்கவில்லை. வளர்ந்தவற்றின் ஓடுகள் விகாரமாயின. அங்கு நின்ற உல்லாசப் படகுகளின் அடிப்பூச்சே காரணம் என்று கண்டறியப்பட்டது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு அளவில் இருந்தாலே சிலவகைக் கடல் நத்தைகளின் பெண்ணினத்துக்கு ஆண் உறுப்பு வளர்ந்து இனப்பெருக்கம் தடைப்பட்டது. 1982இல் பிரான்சு 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளில் இதைத் தடை செய்தது. 2001 அக்டோபரில் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு நிறைவேற்றிய உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து உலகளாவிய தடையாயிற்று. மாற்றாக வந்தவற்றுள் ஒன்றான சைபுட்ரைனும் பவளங்களுக்கும் கடற்பாசிகளுக்கும் கேடென்று கண்டு 2023 முதல் விலக்கப்பட்டது.

கரையில் அத்தேடலின் விலையைப் பாலாறு செலுத்தியது. நந்திமலையில் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியே வந்து, சதுரங்கப்பட்டினத்துக்குத் தெற்கே வாயலூரில் கடலில் கலக்கும் ஆறு அது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் பட்டறைகள் மிகுந்த இப்பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் வேளாண் நிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போனதை அத்தீர்ப்பு எடுத்துக்காட்டியது. தீங்கு முற்றாக மெய்ப்பிக்கப்படும் வரை காத்திராமல் முன்னெச்சரிக்கையாகச் செயல்படவேண்டும். மாசுபடுத்தியவரே ஈடு செலுத்தவேண்டும் என்னும் இரு நெறிகளும் நாட்டின் சட்டத்தின் பகுதியென அது அறிவித்தது.

2001ஆம் ஆண்டின் கப்பற்பூச்சு உடன்படிக்கையும் தன் முன்னுரையில் அதே முன்னெச்சரிக்கை நெறியை நினைவூட்டுகிறது. இரண்டுக்கும் ஊற்று 1992இன் ரியோ பிரகடனம். பாலாற்று உழவனின் கிணற்றையும் அர்க்கசோனின் சிப்பியையும் ஒரே நெறி காக்க முன்வந்தது. இது இஸ்லாமிய சட்ட மரபுக்கு அந்நியமானதன்று. நன்மையை ஈட்டுவதினும் கேட்டைத் தடுப்பது முந்தியது என்று ஃபிக்ஹு அறிஞர்கள் வகுத்த முறை, எந்தத் தொழிலுக்கும் பொருந்தும் அளவுகோல்.

இன்றைய தேர்வு

இன்று பாய்ப்படகு வைத்திருப்பவர் அடிப்பூச்சைத் தேரும்போது நோக்கவேண்டியவை சில. படகு அலுமினியத்தாலானது எனில் செம்புப் பூச்சு ஆகாது. 'அலார்ம்' கப்பலின் ஆணிகள் கற்பித்த பாடம் இன்றும் செல்லும். அடிக்கடி ஓடும் படகுக்கு மெல்லக் கரையும் பூச்சு ஏற்றது. அடிக்கடி தேய்த்துக் கழுவப்படும் படகுக்குக் கடினப் பூச்சு நல்லது. நஞ்சே இல்லாத சிலிக்கோன் பூச்சில் உயிர்கள் இறுகப் பற்ற முடியாது. படகு வேகமாக ஓடும்போது உதிர்ந்துவிடும். ஆனால் கட்டிக் கிடக்கும் மெதுவான படகுக்கு அது முழுப்பயன் தராது. செம்பும் குற்றமற்றதன்று, சுவீடன் போன்ற நாடுகள் பால்டிக் கடற்கரையில் அதற்கும் வரம்பு விதித்துள்ளன. எதையும் பூசாமல் விடுவதும் தீர்வாகாது: பாசி படர்ந்த கப்பல் கூடுதல் எரிபொருளை எரிக்கும், தொலைவிலுள்ள கடலின் உயிர்களைப் புதிய கரைகளுக்குச் சுமந்து சென்று பரப்பும். ஆகவே தேர்வு என்பது தீங்கற்ற ஒன்றைக் கண்டெடுப்பதன்று; எந்தத் தீங்கு, எவர்மேல், எவ்வளவு காலம் என்று எடைபோடுவது.

தோல் பட்டறைகளின் நிலையும் இதுவே. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் கழிவுநீரை வெளியேற்றாத முறையும் வந்தன. ஆயினும் 2025 ஜனவரி 30 அன்று உச்சநீதிமன்றம் மீண்டும் தலையிட்டு, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்கவும் ஆற்றை மீட்கக் குழு அமைக்கவும் ஆணையிட நேர்ந்தது. 1996இன் கடமை முற்றுப்பெறவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. குரோமியத்தை விட்டு ஆவாரம்பட்டைக்கு முழுதாகத் திரும்பவேண்டும் என்று கூறுவது எளிது. அத்தொழிலை நம்பி வாழும் பல்லாயிரம் தொழிலாளரின் அடுப்பை எண்ணும்போது அது அவ்வளவு எளிதன்று. ஆனால் காலத்தைச் சுருக்கி ஈட்டிய இலாபத்தில் ஆற்றுக்குரிய பங்கை ஒதுக்குவது இயலாத காரியமன்று.

பழைய நகுதா தன் கலத்தின் அடிப்புறத்தை ஆண்டுதோறும் கரையேற்றிப் பார்த்தான். மறைந்திருப்பதைக் காணாமல் விட்டால் கலம் மூழ்கும் என்பது அவனுக்குத் தெரியும். நமது கல்லூரிகளும் மருத்துவமனைகளும் பள்ளிவாசல்களும் தோல் வணிகத்தின் வெளித்தெரியும் பாய்மரங்கள். பாலாற்றின் நிலத்தடி நீர் அவ்வணிகத்தின் அடிப்புறம். அதைப் பார்க்கும் பொறுப்பை நீதிமன்றத்துக்கு மட்டும் விட்டுவிடுவது, கடலோடிய நம் முன்னோரின் தொழில்நெறிக்கு ஒவ்வாது.