விழுந்தவன் கையில் பேனா



"கணினியில் கத்திச்சண்டை ஆடும் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களா, இல்லையா?" இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய சகோதரி என்ன சொன்னார்? "ரோமாபுரி ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி செஞ்ச பாவத்தை, நம்ம பிள்ளைங்க பத்துக்குப் பத்து ரூமுக்குள்ள உக்காந்து செய்யுதுங்க" என்றார். பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். (சிரிப்பு) ஆனா ஒண்ணு கேக்கறேன். ரோமாபுரி செஞ்ச பாவம் எது? அது தெரிஞ்சாத்தானே, நம்ம பிள்ளை அதைச் செய்யறானா இல்லையான்னு சொல்ல முடியும்?

கி.மு. 264. ஜூனியஸ் புரூட்டஸ் பேரா என்ற ஒரு பெரிய மனிதர் இறந்து போனார். அப்பாவுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று பிள்ளைகள் மாட்டுச் சந்தையிலே மூன்று ஜோடி ஆட்களை மோத விட்டார்கள். ரோமில் நடந்ததாக எழுதி வைக்கப்பட்ட முதல் கிளாடியேட்டர் சண்டை அதுதான். கிளாடியஸ் என்றால் வாள். வாள் பிடித்தவன் கிளாடியேட்டர். கருமாதிக்கு மூன்று ஜோடியில் தொடங்கியது எங்கே போய் நின்றது தெரியுமா? கி.பி. 80-இல் கொலோசியம் திறந்தபோது 100 நாள் திருவிழா. கி.பி. 107-இல் டிராஜன் மன்னன் நடத்திய வெற்றி விழாவில் 123 நாளில் 10,000 பேர் மோதினார்கள் என்று டியோ என்ற வரலாற்றாசிரியர் எழுதி வைத்திருக்கிறார்.

மோதியவன் விரும்பியா வந்தான்? பெரும்பாலும் அடிமை, போர்க்கைதி, குற்றவாளி. கி.மு. 73-இல் கபுவா நகரத்துப் பயிற்சிக் கூடத்திலிருந்து ஸ்பார்ட்டகஸும் எழுபது சொச்சம் பேரும் அடுக்களைக் கத்தியை எடுத்துக்கொண்டு தப்பி ஓடினார்கள். பிடித்தமான வேலையை விட்டு எவனாவது அருவாமணையைத் தூக்கிக்கிட்டு ஓடுவானா? (சிரிப்பு) இரண்டு வருடம் கழித்து அந்தக் கலகத்தை அடக்கி, 6,000 பேரைச் சாலை நெடுகச் சிலுவையில் அறைந்தது ரோம். இப்போ சிரிப்பு வரலை, இல்லையா?

களத்திலே விழுந்தவன் விரலை உயர்த்துவான். "என்னை விட்டுடுங்க" என்று அர்த்தம். விடலாமா, வெட்டலாமா? விழா நடத்துகிறவர் கூட்டத்தைப் பார்ப்பார். கூட்டம் கத்தும். நேற்று வரை முகம் தெரியாத ஒருவனின் உயிர், வெயிலில் உட்கார்ந்திருக்கிறவன் வாயில்! செனெகா என்ற அறிஞர் ஒரு மத்தியானக் காட்சிக்குப் போய்விட்டு வந்து நண்பருக்குக் கடிதம் எழுதினார். கூட்டத்தோடு இருந்துவிட்டு வந்ததால் முன்னைவிடக் கொடியவனாக வீடு திரும்பினேன் என்கிறார். கவனிக்கணும், வாள் பிடிச்சவன் சொல்லலை. பாத்தவன் சொல்றான்! (கைதட்டல்)

ஆக, பாவம் வாளில் இல்லை. அடுத்தவன் முடிவை நான் எழுதுவேன் என்ற அந்த இருக்கையில் இருக்கிறது.

இப்போ பிள்ளைகள் விளையாட்டுக்கு வருவோம். இதுவும் நேற்று முளைத்ததில்லை. 1970-இல் அமெரிக்காவில் ரிக் லூமிஸ் என்பவர் தபாலிலேயே விளையாட்டு நடத்தத் தொடங்கினார். 1978-இல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் டிரப்ஷா, ரிச்சர்ட் பார்ட்டில் என்ற இரண்டு மாணவர்கள், பல பேர் எழுத்து மூலமாகவே உலாவும் கற்பனை உலகத்தைக் கணினியில் உண்டாக்கினார்கள். 1980-களில் 'டூயல்மாஸ்டர்ஸ்' என்று ஒரு தபால் விளையாட்டு. ஆளுக்கு ஐந்து வீரர்கள். எப்படிச் சண்டை போட வேண்டும் என்று தாளில் எழுதி அனுப்பினால், கணினி கணக்குப் போட்டு சண்டைக் கதையை அச்சடித்துத் திருப்பி அனுப்பும். அதில் ஆடுகிறவருக்குப் பெயர் மேனேஜர். சகோதரி இதைச் சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் திணறியிருப்பேன். கிளாடியேட்டர்களை வைத்துப் பிழைத்த முதலாளியின் நாற்காலி அது. ஒத்துக்கறேன்.

ஆனால் இன்று இணையத்தில் எழுதியே ஆடுகிறார்களே, அந்தக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொருவரும் ஒரு வீரனாகவே மாறி, முறை வைத்து எழுதுகிறார்கள். "நான் வாளை வீசினேன்" என்று நீ எழுதலாம். "அவன் விழுந்தான்" என்று நீ எழுதக் கூடாது. அதை அவன்தான் எழுத வேண்டும். ரோமாபுரியில் விழுந்தவனுக்கு ஒரு விரல்தான் இருந்தது. இங்கே விழுந்தவன் கையில் பேனா இருக்கிறது! (பலத்த கைதட்டல்)

என் வீட்டிலேயே ஒருத்தன் இருக்கிறான். பிளஸ் டூ. ஒருநாள் ராத்திரி சாப்பிட வரவில்லை. "என்னடா?" என்றேன். "என் வீரன் செத்துட்டாம்பா." "யாருடா கொன்னது?" "யாரும் கொல்லலை. நானே எழுதிட்டேன். அவன் நல்லா ஆடினான். நான் தோக்கறதுதான் நியாயம்." ஜெயித்தவன் ஏதோ ஒரு ஊர்ப் பையன், என் மகன் முகமே பார்த்ததில்லை. அவன் அந்தச் செத்த வீரனுக்கு நாலு வரி இரங்கல் எழுதியிருந்தான்.

எனக்கு சிசிலியில் கிடைத்த ஒரு கல்லறைக் கல் ஞாபகத்துக்கு வந்தது. ஃபிளாம்மா என்ற வீரன். வாழ்ந்தது 30 வருடம். 34 சண்டை, 21 வெற்றி, 9 சமன், 4 தோல்வி. கிரிக்கெட் ஸ்கோர் மாதிரி பொறித்திருக்கிறார்கள். அந்தக் கல்லை வைத்தது மன்னனுமில்லை, கைதட்டின கூட்டமுமில்லை. டெலிகாட்டஸ் என்ற சக வீரன்! களத்துக்குள்ளே நின்றவனுக்குத்தான் இன்னொருவன் வலி தெரிந்தது.

கண்ணு கெடுது, தூக்கம் கெடுது, பரீட்சை கெடுது. எல்லாம் ஒத்துக்கறேன், நானும் தகப்பன்தான். மணி பத்தானா கம்ப்யூட்டரை அணைக்கச் சொல்லுங்க. ஆனால் அணைப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, நீ எங்கே உக்காந்திருக்கே? களத்திலயா, கூட்டத்திலயா?" களத்தில் என்றால் பயப்படாதீர்கள். கூட்டத்தில் உட்கார்ந்து, தெரியாத ஒருத்தன் விழுவதைப் பார்த்துக் கத்துகிறான் என்றால், அன்றைக்குப் பயப்படுங்கள். அதற்குக் கணினிகூட வேண்டாம். நம் தெருவே போதும்.

எழுதி ஆடும் பிள்ளை கெடவில்லை என்று நடுவர் அவர்கள் நல்ல தீர்ப்புத் தர வேண்டும் எனக் கேட்டு அமர்கிறேன். (கைதட்டல்)