சாம்பலும் சோடாவும் தேனும்: மணிகளுக்கு மெருகு வந்த கதை

நம் செட்டிநாட்டு வீட்டுச் சுவர்களின் வழவழப்பைப் பற்றிப் பேசாதவர் இல்லை. சுண்ணாம்பு, சலித்த மணல், கடுக்காய்த் தண்ணீர், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு இவ்வளவுதான் சாமான். பாதி நாட்டு மருந்துக் கடையிலும் பாதி அடுப்படியிலும் கிடைப்பவை. மனிதன் தன் வீட்டில் இருந்ததைக் கொண்டு ஒரு பொருளின் மேற்பரப்பை மாற்றிக்கொண்ட கதை சுவரோடு தொடங்கியதல்ல. அதற்கு ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம் நாட்டில் மணி செய்தவர்கள் அந்த வித்தையை அறிந்திருந்தார்கள்.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு ஒரு சொல் எப்போதும் வேடிக்கையாக இருக்கும். ‘பெர்ல்’ என்றால் அந்த மொழியில் முத்து. கோக்கும் மணிக்கும் அதே சொல்தான். கடல் தந்ததா, கை செய்ததா என்று அந்தச் சொல் பிரித்துக் காட்டுவதில்லை. நம் ‘மணி’ இன்னும் பெரிய குடும்பம்: நெல்மணி, கண்மணி, கோவில் மணி, கழுத்து மணி எல்லாம் அதில் அடக்கம்.

புதுச்சேரிக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தொலைவில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கிறது அரிக்கமேடு. அங்கே மழை பெய்து மண் கரைந்தால் மணிகள் வெளியே தெரியும். ஊர்ப் பிள்ளைகள் பொறுக்குவார்கள். 1930களில் பிரெஞ்சு அறிஞர் ழூவோ துப்ரெய் அப்படிப் பொறுக்கியவர்களிடம் வாங்கிய கற்களில் ஒன்றில் மனிதத் தலை செதுக்கியிருந்தது. அது உரோமப் பேரரசர் அகஸ்டஸ் உருவம் என்று அவர் கருதினார். பிறகு 1945 இல் மார்ட்டிமர் வீலர், 1947 முதல் 1950 வரை கசால், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி ஆகியோர் அங்கே அகழ்வு செய்தார்கள். உரோம நாட்டு மதுச்சாடித் துண்டுகளோடு, கண்ணாடி மணியும் கல்மணியும் செய்த அடையாளங்கள் அங்கே கிடைத்தன.

அந்தச் சின்னஞ்சிறு கண்ணாடி மணிகள் எப்படிச் செய்யப்பட்டன என்பதற்கு ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டை இன்றும் சாட்சி. உருகிய கண்ணாடியை நீண்ட குழலாக இழுத்து, ஆறியபின் துண்டு துண்டாக நறுக்குவார்கள். நறுக்கிய துண்டின் ஓரம் கத்திபோல் இருக்கும். நூலையும் அறுக்கும், கழுத்தையும் கீறும். அதனால் துண்டுகளைச் சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். ஓரம் இளகி உருண்டுவிடும். சாம்பல் இடையில் இருப்பதால் ஒன்றோடொன்று ஒட்டாது, துளையும் அடைபடாது. நாம் பாத்திரம் துலக்கிய அதே சாம்பல்தான்.

கண்ணாடியே உவர்மண்ணின் பிள்ளை. சலவைத் தொழிலாளர்கள் துணி வெளுக்க அள்ளிவந்த உவர்மண்ணில் சோடா உண்டு. மணலை அது குறைந்த சூட்டில் உருகவைக்கும். நிறத்துக்குச் செம்பு. காற்றுப் பட எரித்தால் பச்சையும் நீலப்பச்சையும் வரும். காற்றை அடக்கி எரித்தால் அதே செம்பு செங்கல் சிவப்பைத் தரும். நம் மாவட்டத்துக் கீழடியில் கிடைத்த கருப்பு-சிவப்புப் பானைகளிலும் இதே சூட்சுமம்: காற்றுப் படாத பக்கம் கருப்பு, பட்ட பக்கம் சிவப்பு.

கல்மணிகளுக்கு வேறு பக்குவம். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் கிடைத்த சிவப்புக் கார்னீலியன் மணிகள் சிலவற்றில் வெள்ளைக் கோடுகள் உண்டு. வண்ணம் பூசியதல்ல, சுட்டு எழுதியது. சிந்து நாட்டின் சேவான் ஊரில் இந்த முறை அறிந்த ஒரு முதியவரைக் கண்டு, எர்னஸ்ட் மக்கே 1933 இல் அதை எழுதிவைத்தார். சலவைச் சோடாவை ஒரு முட்செடியின் தளிர்ச்சாற்றில் குழைத்து, கல்மேல் கோடு வரைந்து, காயவைத்து, கரி நெருப்பில் சூடாக்க வேண்டும். ஆறியபின் துடைத்தால் கோடு வெள்ளையாகக் கல்லிலேயே பதிந்திருக்கும். அரப்பா காலத்து மணிகளிலும் இதே வேலை தெரிகிறது.

தேனுக்கும் இதில் பங்கு உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோமர் பிளினி, கற்களைத் தேனில் வேகவைத்தால் பளபளப்பு கூடும் என்று எழுதினார். நுண்துளை உள்ள அகேட் கல்லைச் சர்க்கரைப் பாகிலோ தேனிலோ ஊறவைத்துப் பக்குவமாகச் சூடாக்கினால், உள்ளே போன இனிப்பு கரியாகிக் கல் கருக்கும். இனிப்பு நுழையாத பட்டை வெள்ளையாகவே நிற்கும்.

இன்று விளக்குச் சுடரில் கண்ணாடி மணி செய்பவர்கள் ஆப்ப சோடாவைப் பயன்படுத்துகிறார்கள். சுடச்சுட இருக்கும் மணியை அதில் புரட்டினால் சோடா நுரைத்து, மேற்பரப்பில் சிறு குழிகள் விழுந்து, மங்கலாகி, நூறாண்டு மண்ணில் கிடந்ததுபோல் தோன்றும். அழகுக்குச் செய்தால் கலை. பழம்பொருள் என்று சொல்லி விற்றால் மோசடி.

என் கவலை இதற்கு எதிர்ப்பக்கம். உண்மையிலேயே பழைய மணி கையில் கிடைத்தால் நம்மில் பலர் செய்யும் முதல் வேலை, புளியோ எலுமிச்சையோ போட்டுத் தேய்ப்பது. பித்தளைக் குத்துவிளக்குக்கு அது சரி. கண்ணாடி மணிக்குச் சரியல்ல. மண்ணின் ஈரம் பல நூறாண்டுகளாகக் கண்ணாடியிலிருந்து சோடாவை இழுத்துக்கொண்டதால், மேலே மெல்லிய ஏடுகளாக ஒரு படலம் உருவாகியிருக்கும். சில சமயம் மயில்கழுத்து நிறம் காட்டும். அது அழுக்கு அல்ல. அந்த மணியின் தோல். புளிப்பும் தேய்ப்பும் அதை உரித்துவிடும். ஆய்வாளர் பார்க்க வேண்டிய சாட்சியமும் அதோடு போய்விடும்.

கீழடி அருங்காட்சியகம் 2023 மார்ச்சில் திறக்கப்பட்டது. கோவிலூரிலிருந்து ஒரு பகல் பயணம்தான். பேரப்பிள்ளைகளை அழைத்துப் போய் அங்கிருக்கும் மணிகளைக் காட்டுங்கள். நம் பக்கம் வயலிலோ கண்மாய்க் கரையிலோ மணியோ காசோ கிடைத்தால் கழுவ வேண்டாம், கோத்துப் போட வேண்டாம். எந்த இடம் என்று குறித்துக்கொண்டு, கிராம நிர்வாக அலுவலரிடமோ தொல்லியல் துறையிடமோ சொல்லுங்கள். மண்ணில் கிடைக்கும் புதையல் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதென்றால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878 ஆம் ஆண்டிலிருந்தே சட்டம்.

இடம் தெரியாத மணி வெறும் மணி. இடம் தெரிந்த மணி ஓர் ஊரின் வரலாற்றில் ஒரு வரி.