சேலம் ஜவ்வரிசி

சேலம் ஜவ்வரிசி, சேலம், நாமக்கல் சமவெளியிலும் அதையொட்டிய பகுதிகளிலும் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து தயாரிக்கப்படும் வெண்ணிற மணி வடிவ உணவுப்பொருள். 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

பயிர்
தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளியை இவ்வட்டாரத்தில் குச்சிக்கிழங்கு என்பர். தண்டைத் துண்டாக்கி நட்டால், பெரும்பாலான இரகங்கள் 8 முதல் 10 மாதங்களில் அறுவடைக்கு வரும். பச்சைக் கிழங்கிலுள்ள சயனைடு நச்சு, துருவிக் கழுவுவதாலும் வேகவைத்து நீரை வடிப்பதாலும் பெருமளவு குறையும்.

வரலாறு
ஜவ்வரிசி முதலில் தென்கிழக்கு ஆசியாவின் சேகோ பனையின் தண்டுச் சோற்றிலிருந்து எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி முடங்கியபோது மாற்று தேவைப்பட்டது. 1943 வாக்கில் சேலம் வணிகர் மாணிக்கம் செட்டியார், மலேயாவில் இத்தொழிலை அறிந்திருந்த பொபட்லால் ஷாவின் துணையுடன் மரவள்ளி மாவில் ஜவ்வரிசி தயாரிக்கத் தொடங்கினார். ஆத்தூர், இராசிபுரம், சேந்தமங்கலம் பகுதிகளில் ஆலைகள் பெருகின. 1981இல் ஆலை உரிமையாளர்களின் கூட்டுறவுச் சங்கமான ‘சேகோசர்வ்’ சேலத்தில் தொடங்கப்பட்டது. உறுப்பினர்களின் சரக்கை இருப்பு வைத்து விற்றுத் தருகிறது.

தயாரிப்பு
கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைத்து, பாலை வடிகட்டித் தொட்டிகளில் தெளியவிடுவர். அடியில் படியும் ஈரமாவைக் குலுக்கி மணிகளாக உருட்டிச் சலிப்பர். சூடான தட்டுகளில் வறுத்தால் சாதா ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்தால் நைலான் ஜவ்வரிசி. இரண்டும் களத்து வெயிலில் காயவைக்கப்படும்.

பயன்கள்
தமிழ்நாட்டில் பாயசம், வடாம், கஞ்சி ஆகியவற்றுக்கும், மகாராஷ்டிரத்தில் விரத நாள் கிச்சடிக்கும் ஜவ்வரிசி பயன்படுகிறது. கிழங்கு மாவு நெசவில் பாவுக்குக் கஞ்சியிடவும், காகிதம், பசை தயாரிக்கவும் உதவுகிறது. வடிகட்டியபின் எஞ்சும் திப்பி தீவனமாகிறது. இலையில் எரி பட்டுப்புழு வளர்க்கலாம். தண்டு அடுத்த நடவுக்கு விதைக்குச்சி.

சிக்கல்கள்
ஆலைக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் நிலத்தடி நீர் கெடும். பல ஆலைகள் அதிலிருந்து எரிவாயு எடுக்கின்றன. 2020க்குப் பின் அயல்நாட்டு மாவுப்பூச்சி பயிரைத் தாக்கியது. அதைக் கட்டுப்படுத்த ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட அனாகிரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி, 2022 மார்ச்சில் ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் வயல்வெளிக்கு விடப்பட்டது.